பாடத்தைத் தெரிவு செய்வது யார்? மலையக மாணவர்களும் பட்டத்தின் பின்னரான தொழிலும்

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மத்திய மலைநாட்டைச் சின்னாபின்னமாக்கிய வேளையில் க.பொ.த. உயர்தரப் பரீட்சை நடைபெற்றுக்கொண்டிருந்தது. மண்சரிவுகளினால் வீதிகள் துண்டிக்கப்பட்டன. பரீட்சை இடைநடுவில் நிறுத்தப்பட்டது. எஞ்சிய வினாத்தாள்களை மலையக மாணவர்கள் எப்போது, எங்கே எழுதுவார்கள் என்ற கவலை அப்போது எல்லோரிடமும் இருந்தது. அது நியாயமான கவலையே. ஆயினும் அதனிலும் பழைய கேள்வியொன்று இன்னமும் உரத்துக் கேட்கப்படாமலே இருக்கின்றது. அந்த மாணவர்கள் அந்தப் பாடங்களை எழுதுவதற்குத் தீர்மானித்தது யார்? அப்பாடங்களில் சித்தியெய்திப் பல்கலைக்கழகம் சென்று பட்டம் பெற்ற பின்னர் அவர்கள் எந்தத் தொழிலில் போய்ச் சேர்கின்றார்கள்?

படித்தது ஒன்று, செய்யும் தொழில் வேறொன்று என்பது உலகெங்கும் உள்ள நிலைமைதான். பிரித்தானியாவில் வரலாறோ மெய்யியலோ படித்தவர் வங்கியிலும் அரச நிர்வாகத்திலும் அமர்வது சாதாரணம். அங்கு பல தொழில்தருநர்கள் பட்டத்தின் பெயரைப் பார்ப்பதில்லை. படித்தவரைச் சேர்த்துத் தாமே பயிற்றுவித்துக்கொள்கின்றனர். எமது நாட்டிலும் ஒரு காலத்தில் அவ்வாறே இருந்தது. 1935இல் இலங்கை சிவில் சேவையில் இணைந்த முதலாவது முஸ்லிமான ஏ.எம்.ஏ. அஸீஸ் வரலாறு படித்தவர். பின்னர் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக 1948 முதல் 1961 வரை பணியாற்றி, ஒரு சமூகத்தின் கல்வி வரலாற்றையே மாற்றியமைத்தார். மலையகத்தில் ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியின் ஆசிரியராகவும் அதிபராகவும் விளங்கிய இர. சிவலிங்கம் ஒரு தலைமுறை இளைஞர்களைத் தட்டியெழுப்பினார். ஆகவே கலைக்கல்வி பயனற்றது என்ற வாதம் எமக்கு உடன்பாடானதல்ல. நாமும் கலைப்பீடத்தில் பயின்றவர்களே.

எனினும், அஸீஸ் படித்த காலத்துக் கலைப் பட்டத்துக்கும் இன்றைய கலைப் பட்டத்துக்கும் இடையே பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. அன்று அது மிகச் சிலருக்கே கிடைத்தது, ஆங்கிலத்தில் கிடைத்தது, அதன் மறுமுனையில் பதவி காத்திருந்தது. 1960 முதல் கலைப்பீடங்களில் சிங்களமும் தமிழும் போதனா மொழிகளாயின. கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக வாயில் திறந்தது. அது வரவேற்கத்தக்க மாற்றம். ஆனால் தொழில் உலகின் வாயில் அதே வேகத்தில் திறக்கவில்லை. 1971 ஏப்ரலில் படித்த இளைஞர்களின் கிளர்ச்சி நாட்டை உலுக்கியது. அதே ஆண்டில் டட்லி சியர்ஸ் தலைமையிலான சர்வதேச தொழில் அமைப்பின் குழுவினர் தமது அறிக்கையை வெளியிட்டனர். தொழில் இல்லை என்பது பிரச்சினையின் ஒரு பாதி மட்டுமே. கல்வி வளர்த்துவிட்ட எதிர்பார்ப்புக்கும் நாட்டிலுள்ள தொழில்களுக்கும் பொருத்தமில்லை என்பதே மறுபாதி என அவர்கள் சுட்டிக்காட்டினர். தெற்கில் இரண்டாவது கிளர்ச்சி ஓய்ந்த பின்னர் 1990இல் அறிக்கை சமர்ப்பித்த இளைஞர் தொடர்பான ஜனாதிபதி ஆணைக்குழு, ஆங்கிலத்தைக் கிராமத்து இளைஞர்கள் 'கடுவ' என, அதாவது வாள் என, அழைப்பதைப் பதிவு செய்தது. தம்மை வெட்டி வீழ்த்தும் ஆயுதமாகவே அதனை அவர்கள் கண்டனர். அண்மைக் காலத்தில் தேசிய கணக்காய்வு அலுவலகமும் கலைப்பிரிவை நாடும் போக்கையும் கலைப் பட்டதாரிகளின் வேலையின்மையையும் தனியானதொரு ஆய்வுக்கு உட்படுத்தியது. அரை நூற்றாண்டு கடந்தும் நோய் ஒன்றே, அறிக்கைகள்தான் புதியவை.

இந்த நாடு தழுவிய பிரச்சினை மலையகத்தை வந்தடையும்போது வேறொரு வடிவத்தைப் பெறுகின்றது. ஏனைய பகுதிகளில் மாணவன் கலைப்பிரிவைத் தெரிவு செய்கிறான் என்றாவது கூறலாம். தோட்டப்புற மாணவனைப் பொறுத்தவரை அந்தத் தெரிவை அவன் செய்வதில்லை. அவனுக்காகப் பாடசாலை அதனைச் செய்துவிடுகின்றது.

இதன் வேர் ஆழமானது. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்து, மத்திய கல்லூரிகள் கிராமங்களை நோக்கிச் சென்றபோது தோட்டப் பாடசாலைகள் அந்த ஓட்டத்தில் இணைக்கப்படவில்லை. தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில், பெரும்பாலும் ஓராசிரியர் பாடசாலைகளாகவே அவை கிடந்தன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. நாடற்றவனின் பிள்ளைக்கு அரசாங்கப் பாடசாலை எதற்கு என்ற எண்ணம் ஆட்சியாளர்களிடம் ஊறிப்போயிருந்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்ட பின்னரே அப்பாடசாலைகள் படிப்படியாக அரசாங்கத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன. 1980களிலும் 1990களிலும் சுவீடன், ஜேர்மனி ஆகிய நாடுகளின் உதவியோடு கட்டடங்கள் எழுந்தன. ஆசிரியர் பயிற்சிக்கெனப் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி உருவானது. ஏனைய சமூகங்கள் இலவசக் கல்வியின் மூன்றாவது தலைமுறையைக் கண்டுகொண்டிருந்தபோது மலையகம் முதலாவது தலைமுறையைத் தொடங்கியது எனலாம்.

அவ்வாறு தொடங்கியபோது எது இலகுவானதோ அதுவே முதலில் வந்தது. இலங்கையில் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலைகள் 1ஏபி எனவும், கலை, வர்த்தகப் பிரிவுகள் மட்டும் உள்ளவை 1சி எனவும் வகைப்படுத்தப்படுகின்றன. ஒரு பாடசாலையில் கலைப்பிரிவை ஆரம்பிக்க ஒரு வகுப்பறையும் மூன்று நான்கு ஆசிரியர்களும் போதும். விஞ்ஞானப் பிரிவுக்கு ஆய்வுகூடம் வேண்டும். அதற்கு நீரும் மின்சாரமும் இரசாயனப் பொருட்களும் வேண்டும். பௌதிகவியலும் இணைந்த கணிதமும் தமிழில் கற்பிக்கக்கூடியவர் வேண்டும். ஆகவே தோட்டங்களைச் சூழவுள்ள தமிழ்ப் பாடசாலைகள் உயர்தரத்துக்குத் தரமுயர்த்தப்பட்டபோது அவற்றிற் பல 1சி பாடசாலைகளாகவே தரமுயர்ந்தன. சாதாரணதரத்தில் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் திறமைச் சித்தி பெற்ற பிள்ளை ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ செல்ல வேண்டும். விடுதிக் கட்டணமும் பஸ் கட்டணமும் பிரத்தியேக வகுப்புக் கட்டணமும் கொழுந்து பறிக்கும் தாயின் கையில் இல்லை. எனவே அந்தப் பிள்ளை தமிழ், இந்து நாகரிகம், புவியியல், வரலாறு என்பவற்றுள் மூன்றை எழுதிக் கொடுக்கிறது. மறுநாள் அதனையே அதன் 'விருப்பம்' என நாம் எழுதிக்கொள்கிறோம்.

இங்கு ஒரு சுழற்சியையும் அவதானிக்க வேண்டும். கலைப்பிரிவில் தேறியவருக்கு மலையகத்தில் உள்ள பெரிய தொழில்வாய்ப்பு ஆசிரியத் தொழில். கலைப் பட்டதாரி ஆசிரியராகிறார். அவர் கற்பிக்கக்கூடியது கலைப் பாடங்களே. அவரது மாணவர்களும் கலைப்பிரிவுக்கே செல்கின்றனர். 2013இல் வர்த்தமானி மூலம் விண்ணப்பம் கோரப்பட்டுப் பின்னர் தோட்டப் பாடசாலைகளுக்கென 3,179 ஆசிரிய உதவியாளர்களைச் சேர்க்கும் திட்டம் முன்னெடுக்கப்பட்டது. மாதம் 6,000 ரூபா, பின்னர் 10,000 ரூபா என்ற கொடுப்பனவோடு அவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். அவர்களது பொறுமையால் பல வகுப்பறைகள் மூடப்படாமற் தப்பின என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் உயர்தர விஞ்ஞான ஆசிரியரின் வெற்றிடம் அத்தகைய நியமனங்களால் நிரப்பப்படக்கூடியதல்ல. ஆசிரியர் தொகை பெருகுவதும் பாடங்களின் வகை பெருகுவதும் ஒன்றல்ல என்பதை எமது அரசியல் தலைமைகள் இன்னமும் போதியளவு உணர்ந்ததாகத் தெரியவில்லை.

பல்கலைக்கழக அனுமதி முறையிலும் ஒரு வேடிக்கை உண்டு. விஞ்ஞான, கணித, வர்த்தகப் பிரிவுகளுக்கான இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கெனவும் பகிரப்படுகின்றன. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி ஆகிய மூன்றும் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் உள்ளன. கலைப்பிரிவுக்கோ அகில இலங்கைத் திறமையே அளவுகோல். அதாவது மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் செல்லும் பாதையில் எமது மாவட்டத்துக்குச் சலுகை உண்டு. அப்பாதையில் நடக்கத் தேவையான ஆசிரியர் இல்லை. கலைப்பிரிவில் ஆசிரியர் உண்டு. அங்கே சலுகை இல்லை. யாழ்ப்பாணத்து, மட்டக்களப்பு, கொழும்பு மாணவரோடு பொகவந்தலாவை மாணவர் சரிநிகராகப் போட்டியிட வேண்டியுள்ளது. பின்தங்கிய மாவட்டத்துக்கான விஞ்ஞான இடங்களை வெளிமாவட்டத்திலிருந்து வந்து பரீட்சை எழுதுவோர் எடுத்துச் செல்கின்றனர் என்ற முறைப்பாடும் நுவரெலியாவில் நெடுங்காலமாக ஒலிக்கின்றது. ஒதுக்கீடு யாரின் பெயரால் வந்ததோ அவர்களின் கைகளுக்கு அது சென்றடையவில்லை.

இவ்வளவு தடைகளையும் தாண்டிப் பட்டம் பெறுவோரின் கதி என்ன? 1990களின் முற்பகுதியில் பேராதனைக் கலைப்பீடத்தில் எம்முடன் ஒரே விடுதியில் தங்கியிருந்த நால்வரை நாம் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. ஒருவர் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவர். புவியியல் சிறப்புப் பட்டதாரி. இன்று பாடசாலை அதிபர். மற்றொருவர் பொருளியல் படித்தவர். வங்கிகளின் நேர்முகப் பரீட்சைகளில் ஆங்கிலத்திடம் தோற்று, ஹட்டன் நகரில் தொலைபேசிக் கடையொன்றை வைத்தார். மூன்றாமவர் நாவலப்பிட்டியைச் சேர்ந்த முஸ்லிம் நண்பர். அறபும் இஸ்லாமிய நாகரிகமும் பயின்று, வளைகுடா நாடொன்றில் பண்டகசாலை எழுதுநராகப் பத்து வருடங்களைக் கழித்துத் திரும்பினார். நான்காமவர் தமிழ் சிறப்புப் பட்டதாரி. எம்முள் மிகவும் கெட்டிக்காரர் அவரே. பட்டமளிப்பு விழாவுக்கு வருவதற்காக அவரது தாயார் அன்றைய 'பேரை' இழந்துவிட்டு வந்திருந்தார். அதன் பின்னர் நான்கு வருடங்கள் அவர் கொழும்பு புறக்கோட்டையில் புடைவைக் கடையொன்றில் பற்றுச்சீட்டு எழுதினார். தாம் பட்டதாரி என்பதை முதலாளியிடம் அவர் கூறவில்லை. கூறினால், இவர் நிலைத்து நிற்கமாட்டார் எனச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்ற அச்சம். பெற்ற பட்டத்தை மறைத்தால்தான் பிழைக்கலாம் என்ற நிலைமை ஒரு மனிதனுக்கு ஏற்படுத்தும் வேதனையை எந்தப் புள்ளிவிபரமும் சொல்லாது. நாமும் பத்திரிகைத் துறைக்குத் திட்டமிட்டு வந்தவர்களல்லர். ஒரு நண்பர் விண்ணப்பிக்காமல் விட்ட வெற்றிடமே எம்மை இங்கு கொண்டுவந்து சேர்த்தது.

அரசாங்கங்கள் இதற்குக் கண்ட மருந்து ஒன்றே. வேலையற்ற பட்டதாரிகள் வீதியில் இறங்கும்போது, அல்லது தேர்தல் நெருங்கும்போது, மொத்தமாக நியமனம் வழங்குவது. 2020இலும் சுமார் 50,000 பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபா பயிற்சிக் கொடுப்பனவோடு இணைத்துக்கொள்ளும் திட்டம் அறிவிக்கப்பட்டது. பிரதேச செயலகங்களில் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் அமர்வதற்குக் கதிரை போதாத நிலைமையைப் பலரும் கண்டிருப்பர். குடும்பமொன்றுக்கு மாதச் சம்பளம் கிடைப்பதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் வேலை இல்லாத இடத்தில் சம்பளம் மட்டும் வழங்குவது, படித்தவரின் திறமையைப் பாதுகாப்பதாகாது. மெல்ல மெல்ல அதனைத் துருப்பிடிக்கச் செய்வதாகும். 2022இல் பொருளாதாரம் வீழ்ச்சியடைந்த பின்னர் அந்த வழியையும் இனி நம்பியிருக்க இயலாது.

இன்னொரு முரண்பாட்டையும் இங்கு குறிப்பிட்டாக வேண்டும். தேயிலையே மலையகத்தின் தொழில். அத்தொழிலில் அறிவு சார்ந்த பதவிகள் இல்லாமலில்லை. தலவாக்கலையில் சென் கூம்ஸ் தோட்டத்தில், லயன்களின் நடுவிலேயே, தேயிலை ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ளது. பெருந்தோட்ட முகாமைத்துவத்துக்கென அத்துருகிரியவில் ஒரு தேசிய நிறுவகம் உள்ளது. பதுளையில் 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தேயிலைத் தொழினுட்பத்தில் பட்டம் வழங்குகின்றது. மண் பரிசோதகர், டீமேக்கர், தேயிலைச் சுவைஞர், சின்னத்துரை, பெரியதுரை எனப் படிக்கட்டுகள் பல உள்ளன. மூன்று நான்கு தலைமுறைகளாகக் கொழுந்தின் மணத்தைக் கொண்டே அதன் தரத்தை அறிந்த குடும்பத்துப் பிள்ளை அந்தப் படிக்கட்டுகளில் எத்தனையாவது படியில் நிற்கின்றது? உயர்தர விஞ்ஞானம் இல்லாமையால் முதற்படியிலேயே பாதை அடைபடுகின்றது. 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவத்தைப் பொறுப்பேற்ற பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகள், தோட்டத்தில் பிறந்தவரைத் தொழிலாளியாகக் காணும் பழக்கத்திலிருந்து முழுமையாக விடுபட்டுவிட்டன எனக் கூறமுடியாது. இளைஞர்களும் தோட்டம் என்றாலே பிரட்டுக்களமும் அவமதிப்பும் என்றே நினைக்கின்றனர். அவர்களைக் குறை கூறவும் முடியாது. நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபா, 2024இல் 1,350 ரூபா, 2026 ஜனவரி முதல் 1,550 ரூபாவோடு 200 ரூபா வருகைக் கொடுப்பனவு என 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் அறிவிப்பு. ஒவ்வோர் உயர்வுக்கும் ஒவ்வொரு போராட்டம். இதனைக் கண்டு வளர்ந்த பிள்ளை தேயிலையை ஒரு அறிவுத்துறையாகக் காண எவ்வாறு பழகும்?

இது தோட்டத் தமிழரின் பிரச்சினை மட்டுமல்ல. கம்பளை, நாவலப்பிட்டி, ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா ஆகிய நகரங்களிலும் அவற்றைச் சூழவும் வாழும் முஸ்லிம் மாணவர்களும் தமிழ் மொழிமூலத்திலேயே பயில்கின்றனர். தமிழில் இரசாயனவியல் கற்பிக்க ஆசிரியர் இல்லையென்றால் இழப்பு இரு சமூகங்களுக்கும் பொதுவானது. கடையிருக்கிறது, வியாபாரத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என முஸ்லிம் மாணவன் இடையில் விலகுவதும், கொழும்பில் கடையிருக்கிறது, வேலைக்குப் போகலாம் எனத் தோட்டத்து மாணவன் விலகுவதும் ஒரே காரணத்தின் இரு விளைவுகளே. முதலாளி யார், சிப்பந்தி யார் என்ற வேறுபாடு மட்டுமே உள்ளது. 1940களில் கொழும்பு ஸாஹிராவின் கிளைகள் கம்பளை, மாத்தளை போன்ற நகரங்களில் தோன்றியபோது, ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்காக அரசாங்கத்தைக் காத்திராமல் முன்வர முடியும் என்பது நிரூபிக்கப்பட்டது. அந்த முன்மாதிரி இன்று இரு சமூகங்களும் இணைந்த முயற்சியாக மீள வேண்டும்.

செய்யக்கூடியது யாது? எல்லாப் பாடசாலைகளிலும் விஞ்ஞானப் பிரிவை ஆரம்பிப்போம் என்ற வெற்று வாக்குறுதி வேண்டாம். நுவரெலியா மாவட்டத்தின் ஹட்டன், நுவரெலியா, கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்தை ஆகிய கல்வி வலயங்கள் ஒவ்வொன்றிலும் தமிழ் மொழிமூலப் பாடசாலையொன்று விடுதி வசதியோடு முழுமையான விஞ்ஞான, தொழினுட்பப் பாடசாலையாக வேண்டும். சிதறிக் கிடக்கும் ஒன்றிரண்டு ஆசிரியர்களை அங்கே ஒன்றுசேர்க்க வேண்டும். அருகிலுள்ள முஸ்லிம் பாடசாலை மாணவர்களுக்கும் அதே ஆய்வுகூடம் திறந்திருக்க வேண்டும். மலையகத்துக்குத் தனியான பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. நுவரெலியா மாவட்டத்தில் இன்றுவரை அரச பல்கலைக்கழகம் ஒன்றேனும் இல்லை. ஆனால் அது மற்றுமொரு கலைப்பீடத்தோடு மட்டும் ஆரம்பிக்கப்படுமாயின், பழைய சுழற்சிக்குப் புதிய கட்டடம் கிடைத்ததாகவே அமையும்.

கலைப்பிரிவில் ஏற்கனவே உள்ளவர்களைக் கைவிடவும் கூடாது. அவர்களுக்குத் தேவை அனுதாபமன்று, இரண்டு மொழிகள். தமிழ் அரசகரும மொழியாகிப் பல தசாப்தங்கள் கடந்தும் அரச அலுவலகங்களில் தமிழ்க் கடிதத்துக்குச் சிங்களத்தில் பதில் வருகின்றது. நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் ஐந்திலிருந்து பத்தாக உயர்த்தப்பட்டுள்ளன. சிங்களமும் ஆங்கிலமும் கணினியும் கைவரப்பெற்ற தமிழ்மொழிப் பட்டதாரிக்கு அங்கே செய்வதற்கு உண்மையான வேலை இருக்கின்றது. மொழிபெயர்ப்பும் சட்ட உதவியும் சுற்றுலாவும் அவ்வாறே. மூன்று வருடப் பட்டப்படிப்பில் இவற்றைக் கற்பிக்காமல் விட்டு, பட்டம் கிடைத்த பின் பயிற்சி என்ற பெயரில் கதிரை வழங்குவது தலைகீழான ஏற்பாடு.

எல்லாவற்றுக்கும் முதற்படி சாதாரணதரப் பெறுபேறு வெளியாகும் அந்த ஓரிரு மாதங்களிலேயே உள்ளது. அப்போதுதான் ஒரு பிள்ளையின் அடுத்த நாற்பது வருடங்கள் தீர்மானிக்கப்படுகின்றன. தோட்டத்தில் அதனிடம் பேசுவதற்கு ஒருவருமில்லை. தாய் தந்தையர் விண்ணப்பத்தில் கையொப்பமிடுவர், அவ்வளவே. பட்டம் பெற்று நகரங்களில் வாழும் மலையகத்தவரும், கோயில் பரிபாலன சபைகளும், பள்ளிவாசல் நிர்வாகங்களும், தொழிற்சங்கங்களும் அந்த மாதங்களில் தோட்டந்தோறும் சென்று அமர்ந்தாலே போதும். எந்தப் பாடம் எங்கே கொண்டுசெல்லும், எந்தப் பாடசாலையில் எது உண்டு, எதற்கு எவ்வளவு செலவாகும் என்பதை எடுத்துரைத்தால், பல பிள்ளைகளின் பாதை மாறும். இதற்கு அமைச்சரவைப் பத்திரம் தேவையில்லை.

புறக்கோட்டையில் பற்றுச்சீட்டு எழுதிய எமது நண்பருக்குப் பின்னர் ஆசிரிய நியமனம் கிடைத்தது. இன்று அவரது மகளும் உயர்தரம் பயில்கிறாள். அவள் விரும்பியது உயிரியல். அருகிலிருந்த பாடசாலையில் இருந்தது கலைப்பிரிவு. ஒரு தலைமுறை கழிந்து, தந்தை பட்டதாரியாகி, ஆசிரியருமான பின்னரும் அவளது பாடத்தைத் தெரிவு செய்தது அதே பழைய நேரசூசிதான். பட்டதாரி ஒருவரின் மகளுக்கே இந்நிலையென்றால், கொழுந்துக் கூடையைச் சுமப்பவரின் மகளைப் பற்றி என்ன சொல்வது? மலையகக் கல்வியின் முன்னேற்றம் பற்றி மேடைகளில் பேசுவோர் இந்தக் கேள்விக்கு முதலில் பதிலளிக்க வேண்டும்.